வீதியோரப் பழைய மடமும் வாடிவீடும் மறுபடி ஊர் கூடும் இடமாக: வன்னிக்கான முழுமையான வழிகாட்டி

கண்டி-யாழ்ப்பாண ஏ-9 வீதியால் ஓமந்தை தாண்டி வடக்கே போகிறவரின் கண்ணில் புதுக் கடைகளும் கண்ணாடி முகப்புகளும்தான் முதலில் படும். உள் வீதிகளுக்குத் திரும்பி மெதுவாகப் போனால் வேறு கட்டடங்களும் தெரியும். ஓடு கழன்ற ஓவசியர் குவாட்டர்ஸ், சுவருக்குள் ஆல் வேர்விட்ட மடம், பலகைக் கதவு உக்கிப்போன சங்கக்கடை (கூட்டுறவுக் கடை), யன்னல் நிலைகள் களவுபோன வாடிவீடு (பயணிகள் தங்கும் விடுதி), நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பழைய பங்களா, நெல் களஞ்சியம் என்று அவை பல வகை. ஒரு காலத்தில் வழிப்போக்கருக்கோ ஊருக்கோ பயன்பட்டவை இன்று மாடு படுக்கவும் போத்தல் உடைக்கவும் பயன்படுகின்றன.

இப்படியொன்றை இடித்துவிட்டுப் பொதுநோக்கு மண்டபம் கட்டுவது லேசு. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களில் அத்தகைய மண்டபங்கள் நிறையவே எழுந்தன. கூட்டம் நடக்கும் நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடப்பவை அவற்றில் பல. ஊரிலே இல்லாமல் இருப்பது, காரணம் எதுவும் சொல்லாமல் போய்க் குந்தி இருக்கக்கூடிய ஓர் இடம். கீழேயுள்ள படிகளை அந்தக் கணக்கில்தான் அடுக்கியிருக்கிறேன். ஆகவே சீமெந்துப் பைக்கு முன்னால் தேத்தண்ணிக் கேத்தில் வரும்.

படி 1: என்ன கட்டடம் என்று அறியுங்கள்

பழைய கட்டடம் எல்லாம் ஒரே வேலைக்குச் சரிவராது. எதற்காகக் கட்டினார்களோ அதற்குக் கிட்டிய வேலையைக் கொடுத்தால் செலவும் குறையும், சேதமும் குறையும்.

மடம் என்றால் தடித்த சுவர், தூண், திறந்த முன்பக்கம், படுத்தெழும்ப உயர்ந்த திண்ணை. பக்கத்தில் கேணியோ கிணறோ, சில இடங்களில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும் மாடு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல்லும் இருக்கும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும், மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்கும், கதிர்காமப் பாதயாத்திரைக்கும் நடந்தும் வண்டில் கட்டியும் போன சனத்துக்கு இத்தகைய இடங்கள்தான் இரவுத் தங்கல். மடத்துக்குக் கதவும் கம்பி யன்னலும் போட்டு அறையாக்க நினைக்காதீர்கள். திறந்து கிடப்பதுதான் அதன் பயன். பருத்தித்துறையில் வீதியை மூடி நிற்கும் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெயிலில் வருகிறவர் யாரிடமும் கேட்காமல் அதன் திண்ணையில் இருக்கலாம்.

வாடிவீட்டிலும் பங்களாவிலும் அறைகள் சிறிது, விறாந்தை பெரிது. வாசிப்பு மேசை, மாலை வகுப்பு, தாய் சேய் சிகிச்சை நாள், முதியோர் சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்த விறாந்தையே போதும். சங்கக்கடையில் ஏற்கெனவே தட்டுகளும் கவுண்டரும் இருப்பதால் அது நூலகமாக மாறத் தயாராக நிற்கிறது. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்த பிறகு பயன்பட்ட களஞ்சியங்களோ வேறு சாதி. நெல் ஈரப்படாமல் இருக்க உயர்ந்த தளம், குறைந்த யன்னல், உள்ளே ஒரே வெளி. கூத்துக்கும் கலியாணத்துக்கும் நல்லது. தினமும் போய் இருக்க முடியாது, வெக்கை ஆளை எழுப்பிவிடும்.

படி 2: காணி யாருடையது?

இதை முடிக்காமல் ஒரு செங்கல்லையும் அசைக்காதீர்கள். முதலில் கிராம உத்தியோகத்தர், பிறகு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. பதில் பெரும்பாலும் பின்வருவனவற்றுள் ஒன்றாக இருக்கும்: அரச காணி, ஏதாவது திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள காணி, பிரதேச சபைக் காணி, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து, கோயில் அல்லது ஒரு குடும்பம் எழுதிவைத்த தர்மசாதனம் (அறக்கொடைச் சொத்து). மடங்களில் பல கடைசி வகை. தர்மசாதனம் செய்தவரின் வாரிசு இன்று கனடாவில் இருக்கக்கூடும். அவரைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் வாங்குவது, பின்னால் வரப்போகும் வழக்கை இன்றே தீர்ப்பதற்குச் சமம்.

பிரதான வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் வீதி ஒதுக்கு எல்லையையும் கட்டட எல்லையையும் கேட்டு வாங்குங்கள். அகலிப்பில் விறாந்தை போய்விடும் என்றால் அது வேலை தொடங்க முன் தெரிய வேண்டிய செய்தி.

அனுமதி எழுத்தில் இருக்கட்டும். எத்தனை வருடத்துக்கு, யார் பெயருக்கு, மின்கட்டணம் யார், திருத்திய பிறகு திணைக்களம் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வேண்டும். வாய்ச்சொல் அனுமதி அந்த அதிகாரி இடம் மாறும் வரைதான்.

அடுத்தது தொல்லியல் திணைக்களம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தில் அனுமதியில்லாமல் கைவைப்பது குற்றம். தொல்லியல் இடமா வழிபாட்டிடமா என்று எழுந்த குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலைப் பிணக்குகளுக்குப் பிறகு இந்தத் திணைக்களத்தின் பெயரைக் கேட்டதும் வன்னியில் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அது காரணமில்லாத சுளிப்பென்று நான் சொல்லமாட்டேன். அதற்காக விசாரிக்காமல் விடவும் முடியாது. கேட்க முன் ஊராகவே கட்டடத்தை முழுமையாகப் பதிந்து வையுங்கள் என்பதே என் ஆலோசனை. எப்படிப் பதிவது என்பது படி 5இல்.

படி 3: உள்ளே கால் வைக்க முன்

வேறு ஊர் வழிகாட்டிகளில் இல்லாத படி இது. யுத்தம் நடந்த பகுதியில் பற்றை பிடித்துக் கிடக்கும் கட்டடத்தை நேரே சிரமதானத்தில் துப்புரவாக்கக் கூடாது. அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். விடுவித்த காணியிலும் ஒதுக்கி வைக்க வேண்டிய இடங்கள் உண்டு. தூர்ந்த கிணறு, மலசலகூடக் குழி, பங்கர் மூடிய மேடு, சுவரோரம் குவிந்த இடிபாடு ஆகியவற்றை ஊரவர் கிளறவே வேண்டாம். துருப்பிடித்த உலோகம் எது தெரிந்தாலும் தொடாமல், இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். குப்பை கொளுத்துவதும் கூடாது. நிலத்துக்குள் இருப்பது சூட்டில் வெடிக்கலாம்.

மற்றவை தெரிந்த ஆபத்துகள்தான். கல்லுக் குவியலில் புடையன், முகட்டில் குளவி, கூரைக்குள் வௌவால் எச்சம். எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கு வாயை மூடிக்கொண்டு அள்ளுங்கள். பிற்காலத்தில் அஸ்பெஸ்டஸ் சீற்று போட்டிருந்தால் உடைக்காமல் முழுத் தகடாக இறக்குங்கள்.

படி 4: திருத்த முன் கூடுங்கள்

முற்றம் துப்புரவானதும் மேசனைக் கூப்பிடத் தோன்றும். கூப்பிடாதீர்கள். ஒரு போகம் முழுவதும் அந்த முற்றத்தில், மரநிழலில், ஊர் கூடுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாங்கு, ஒரு மேசை, அன்றைய பத்திரிகை, பின்னேரம் தேத்தண்ணி. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தை அங்கே வையுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் கேளுங்கள். ஒரு பின்னேரம் பிள்ளைகளுக்குக் கதை.

வன்னியில் இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஏ-9இல் போகும் வாகனங்கள் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் நகரும். அந்த இடத்தை உயிரோடு வைத்திருப்பது கட்டடத்தின் பெருமை இல்லை, நிற்கும் வழக்கம். இதற்கு மாறாக, கிளிநொச்சியில் யுத்தத்தில் விழுந்தபடியே காட்சிக்கு வைக்கப்பட்ட தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். வெளியூரார் இறங்கிப் படம் பிடித்தார்கள். ஊரவர் அங்கே குந்தி இருந்து கதைத்ததை நான் கண்டதில்லை.

இந்த மாதங்களில் யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்று கவனியுங்கள். பழைய மடமும் கிணறும் எல்லாருக்கும் திறந்திருந்தன என்று கதை சொல்லுவோம். திண்ணையில் ஏற விடப்படாதவர்களும், தண்ணீரை மற்றவர் வார்க்கக் கையேந்திக் குடித்தவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்று அந்த ஊர்க்காரர்தான். அவர்கள் வீதியின் மறுகரையில் நின்று பார்த்துவிட்டுப் போனால் உங்கள் மடம் இன்னும் பழைய மடம்தான். நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இடம் கொடுப்பது கூரை போட்ட பிறகு யோசிக்கும் விடயமாக இருக்கக் கூடாது.

ஒரு போகம் முடிந்தும் ஆட்கள் வரவில்லையென்றால் கட்டடத்தை விழாமல் முட்டுக்கொடுத்து விட்டுவிடுங்கள். காசைச் செலவழித்து இன்னொரு பூட்டிய மண்டபம் செய்வதைவிட அது மேல்.

படி 5: பதிவு

ஒவ்வொரு சுவரையும் நேரே நின்று படம் எடுங்கள். நீளம், அகலம், சுவர்த் தடிப்பு, கதவு நிலை எல்லாவற்றையும் அளந்து ஒரு கொப்பியில் கீறுங்கள். ஓட்டின் அடியில் பொறித்த தொழிற்சாலைப் பெயர், செங்கல்லின் அளவு, மரத்தில் செதுக்கிய ஆண்டு எதுவும் விடுபடக் கூடாது. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே அந்த முத்திரையோடு ஓர் ஓடு கிடைத்தால் அது அதற்குப் பிறகு போட்ட கூரை. சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம்.

ஊரின் மூத்தவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பழைய நில அளவைப் படங்களையும், நூலக நிறுவனத்தின் இணைய நூலகத்திலுள்ள ஊர் மலர்களையும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதி பிரதேச சபையில், ஒன்று பாடசாலையில், ஒன்று வெளிநாட்டிலுள்ள ஒருவரிடம். இடம்பெயர்வில் எல்லாக் கடதாசியும் அழிந்த ஊருக்கு ஏன் மூன்று பிரதி என்று விளக்கத் தேவையில்லை. கட்டடத்தின் கதையை நாளைக்கு வேறு யாராவது தங்கள் பாட்டுக்கு எழுதினால் எடுத்துக் காட்டவும் இதுதான் கையில் இருக்கும்.

வெடிப்புகளைக் கவனிக்கும் வேலையும் இங்கேயே தொடங்கட்டும். வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, திகதி எழுதுங்கள். மாரி முடியும் வரை உடையாமல் இருந்தால் அது பழைய புண், மூடிவிடலாம். உடைந்தால் அத்திவாரம் இன்னும் அசைகிறது. முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கரிய களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். அந்த நிலத்தில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம். அசைவு தெரிந்தால் மேசனைத் தாண்டி ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரிடம் போக வேண்டும்.

படி 6: தண்ணீரை வெளியே அனுப்புங்கள்

வீதியோரக் கட்டடங்களின் முதல் எதிரி வீதியேதான். ஒவ்வொரு தடவையும் மேலுக்கு மேல் கல்லும் தாரும் போட்டு வீதி உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது, கட்டடம் இருந்த இடத்தில் இருக்கிறது. படியேறிப் போன மடத்துக்கு இன்று இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மாரியில் வீதித் தண்ணீர் முழுவதும் உள்ளே வரும், சுவர் அடியில் ஊறும், உப்பு மேலேறும், சாந்து பொருக்காகக் கழலும்.

பலர் செய்வது தளத்தை உயர்த்தி வெள்ளைத் தரை ஓடு பதிப்பது. அப்படிச் செய்தால் கதவு குள்ளமாகும், தூணின் அடி புதையும், ஈரம் சுவருக்குள்ளேயே சிறைப்படும். தளத்தை விட்டுவிட்டு, சுற்றிலும் ஒன்றரை இரண்டு அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, பழைய நில மட்டத்தை வெளிக்கொணருங்கள். அதன் வெளி விளிம்பில் வாய்க்கால் வெட்டி, சரிவு கொடுத்து, வீதி மதகோடு சேர்த்துவிடுங்கள். மதகு அடைபட்டிருந்தால் வீதிக்குப் பொறுப்பான திணைக்களத்துக்கு எழுத வேண்டும். அத்திவாரத்துக்குக் கீழே தோண்டாதீர்கள். சுவரோடு ஒட்டிச் சீமெந்துத் தளமும் போடாதீர்கள்.

சுவரில் முளைத்த ஆல், அரசைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, வேர் செத்துக் காய விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்ப வேண்டும்.

படி 7: கூரை

சுவருக்கு முன் கூரை. காலபோக அறுவடை மாசி, பங்குனியோடு முடிந்ததும் தொடங்கினால் ஆட்களும் கிடைப்பார்கள், ஐப்பசி மழைக்கு முன் மூடிவிடவும் நேரம் இருக்கும். புரட்டாதியில் ஓடு இறக்குவது சூதாட்டம்.

ஓட்டை இறக்கும்போது ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் வெடிப்பு. நல்ல ஓடுகளை வீதிப் பக்கச் சரிவுக்கு ஒதுக்கி, புதியதைப் பின்பக்கம் போடலாம். புதிய ஓட்டின் நீளம் வேறாக இருக்கும். அதற்கேற்பச் சிலாகை (ஓடு தாங்கும் சட்டம்) இடைவெளியை மாற்றாமல் அடித்தால் மழை ஒழுகும். பீலி ஓடு (அரைவட்ட ஓடு) என்றால் அதைப் போடத் தெரிந்த கை வேண்டும். ஊரில் வயதான ஓடாவி (தச்சர்) ஒருவர் இருந்தால் அவரைக் கதிரையில் இருத்தி, இளம் பெடியளை மேலே ஏற்றுங்கள்.

வைரம் பாய்ந்த பழைய பனைக் கைமரமும், பாலை, முதிரை வளைகளும் பார்வைக்குக் கறுத்துப் போயிருந்தாலும் உள்ளே கல்லாக இருக்கும். கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். முனைகள் மட்டும் உக்கியிருந்தால் முனையை வெட்டி ஒட்டுப் போடலாம், முழு மரத்தை மாற்ற வேண்டாம். புதிய மரம் வாங்கினால் வனத் திணைக்கள அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பனை தறிக்கவும் அனுமதி வேண்டும். வளையைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டுவதை மறக்காதீர்கள். 1964 டிசம்பர்ச் சூறாவளி வவுனியாவுக்கு மேலாகத்தான் கடந்து போனது.

ஓட்டைக் கழற்றித் தகரம் போடச் சொல்லும் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். மலிவுதான். சித்திரை வெயிலில் அதன்கீழே ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதை மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

படி 8: சுவர்

பழைய சாந்து எது என்று முதலில் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து, தேசிக்காய்ப் புளி விட்டதும் நுரைத்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சுவரின்மேல் சீமெந்து பூசக் கூடாது. சீமெந்து கெட்டி, செங்கல் மெத்து. உள்ளிருக்கும் ஈரம் வெளிவர வழியில்லாமல் செங்கல்லையே தின்னும். சில வருடத்தில் பூச்சு பலகைபோல் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் கொண்டுபோகும்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றும்போது அது கொதிக்கும். தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, பிள்ளைகள் கிட்ட வரக் கூடாது. நீற்றியதைத் தண்ணீர் மூடி நிற்கக் குறைந்தது சில கிழமை, பூச்சுக்கென்றால் சில மாதம் வைத்தால் வெண்ணெய்ப் பதம் வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஆற்று மணல் அனுமதியுடன் வந்ததாக இருக்கட்டும். கடற்கரை மணலில் உப்பு, வேண்டாம். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் பனங்கட்டியும் சேர்ப்பது பழைய வழக்கம். முதலில் ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள்.

மெல்லிய படையாக, ஒன்று இறுகிய பிறகே மற்றது. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பூச்சு ஒரு நாளில் காய்ந்து வெடித்துவிடும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதற்கு ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். மேசன் இரண்டாம் நாளே அடுத்த வேலைக்குப் போயிருப்பார். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை, மூன்று நாலு தரம், நீர்த்துப் பூசியது. பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் இவ்வளவு பாடும் வீண்.

ஷெல் பட்ட துளைகளும் ரவைத் தழும்புகளும் இருந்தால் அவற்றை மூடுவதா விடுவதா? பாரம் தாங்கும் இடத்திலுள்ளதை மூடத்தான் வேண்டும். மற்றதை மேசனிடமோ காசு தருகிறவரிடமோ விடாமல் ஊர்க் கூட்டத்தில் தீர்மானியுங்கள். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க முடியாத ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவருடைய பேச்சுக்கு நிறை அதிகம்.

படி 9: முகத்தைத் திருப்புங்கள்

வண்டில் போன காலத்தில் வீதிப் பக்கத் திண்ணை சொர்க்கம். இன்று அதே இடத்தில் லொறிப் புகையும் ஹோர்ண் சத்தமும். முன் திண்ணையைப் பேருந்துக்கு நிற்பவர்களுக்கு விட்டுவிட்டு, ஊர் இருக்கும் இடத்தைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். வாசலைக் கிளை ஒழுங்கைப் பக்கமாக வைத்தால் பிள்ளைகளும் முதியோரும் பிரதான வீதியைத் தொடாமல் வரலாம்.

யுத்தத்தில் கால் இழந்தவர்கள் இல்லாத ஊர் இங்கே குறைவு. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைப் பின் வாசலில், பழைய படியை உடைக்காமல் கட்டுங்கள். மலசலகூடம் தனிக் கட்டடமாகக் கிணற்றிலிருந்து விலகி இருக்கட்டும். இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காட்டுவார். பெண்களுக்குத் தனியாக, உள்ளே வெளிச்சத்தோடு ஒன்று இல்லையென்றால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அங்கே ஆண்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

படி 10: காசும் திறப்பும் (சாவியும்)

பிரதேச சபை, பன்முகப்படுத்தப்பட்ட நிதி, வெளிநாட்டு ஊர்ச் சங்கம் என்று வழிகள் உண்டு. வேலையைத் துண்டாகப் பிரித்து, வாய்க்கால், கூரை, சுவர் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்குக் காட்டிக் கேளுங்கள். வளைவு கட்டித் தருகிறேன், கருங்கல்லில் பெயர் பொறிக்க வேண்டும் என்று வருகிறவரிடம் ஓட்டுக் கணக்கைக் காட்டுங்கள். சம்மதித்தால் அவருடைய பெயரைக் கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதலாம்.

வங்கிக் கணக்கில் மூவர் கையொப்பம், அதில் ஒருவர் பெண். சனசமூக நிலையமாகப் பிரதேச சபையில் பதிந்தால் நிருவாகத்துக்குச் சட்டப் பெயர் கிடைக்கும். வரவு செலவை மாதாமாதம் விறாந்தையில் ஒட்டுங்கள்.

திறப்பு யாரிடம் என்பதில்தான் பல இடங்கள் செத்திருக்கின்றன. தலைவரின் வீட்டில் இருந்தால் தலைவர் வவுனியாவுக்குப் போன நாளில் கட்டடமும் மூடும். மடத்துக்குத் திறப்பே தேவையில்லை. அறைகளுள்ள கட்டடத்தில் புத்தகமும் மின்விசிறியும் இருக்கும் ஓர் அறையை மட்டும் பூட்டி, விறாந்தை, வாங்கு, தண்ணீர்க் குழாயை எப்போதும் திறந்து விடுங்கள். அந்த ஓர் அறைக்கு இரண்டு திறப்பு: ஒன்று எதிர்க் கடைக்காரரிடம், மற்றது மாதர் சங்கத்திடம். கடைக்காரருக்கு இதனால் நட்டமில்லை, வாங்கில் இருப்பவர்கள் அவரிடம்தான் வெற்றிலை வாங்குவார்கள்.

படி 11: ஆண்டு வேலை

புரட்டாதியில் ஒரு நாள்: ஓட்டில் விழுந்த சருகை அள்ளி, வாய்க்காலைத் துப்புரவாக்கி, வழுகிய ஓட்டை ஏற்றி வைப்பது. தையில் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு வெள்ளை. கறையான் புற்று எங்கே ஏறுகிறது என்று மாதம் ஒருமுறை சுவரடியைப் பார்ப்பது. திருத்த வேலையில் மிஞ்சிய ஓடு, செங்கல், நீற்றிய சுண்ணாம்பில் ஒரு பங்கைப் பின்பக்கம் மூடிவையுங்கள். யார் வீட்டுக் கோழிக்கூட்டுக்கும் அதில் ஓர் ஓடு போகக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிடுங்கள்.